நாலு ஏக்கர் சரளை, 72 மணி நேர வகுப்பு

பள்ளத்தூர்ப் பேரன் | ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வேலை. பள்ளத்தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஐயா (தாத்தா) வாங்கிப் போட்ட நாலு ஏக்கர் இருக்கிறது. மேலே செம்மண், ஒரு முழம் தோண்டினால் சரளை, அதற்கும் கீழே செம்பூராங்கல். இருபது வருஷமாகக் கலப்பை படவில்லை. பாதியைச் சீமைக் கருவேல் பிடித்துவிட்டது. ஒரு கிணறு உண்டு. அதில் பாம்பு எப்போதும் உண்டு, தண்ணீர் கார்த்திகையில் மட்டும் உண்டு.

என்னோடு வேலை பார்க்கும் ஈப்போ பெண் ஒருத்தி பெர்மாகல்ச்சர் வகுப்புக்குப் போய் வந்தாள். அதிலிருந்து நானும் தேடிப் படிக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வீடு, தண்ணீர், மரம், ஆடு மாடு, கோழி, மனிதர் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று உதவும்படி இடம் பார்த்து அமைத்து, பல வருஷம் நிற்கும் மரம் செடிகளை நம்பிப் பண்ணுகிற விவசாயம். ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தது இன்று ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து, தைவான் என்று பரவிவிட்டது. ஜப்பானில் ஃபுஜினோ என்ற ஊரில் 1996லிருந்தே ஒரு மையம். பாலித் தீவில் 1999இல் ஐடெப் என்ற அறக்கட்டளை. எங்கே போனாலும் அதே 72 மணி நேர வடிவமைப்பு வகுப்பு. முடித்தவர்கள் நாடு தாண்டி ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 2017இல் அவர்களுடைய உலக மாநாடு ஹைதராபாத்தில் நடந்திருக்கிறது. எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று.

கேள்வி இரண்டு. இந்த வகுப்பு நம் பக்கத்து மண்ணுக்கு உதவுமா? படித்துவிட்டு வந்து அந்த நாலு ஏக்கரிலேயே தமிழில் ஒரு பயிற்சி இடம் ஆரம்பித்தால் நடக்குமா? அப்பச்சியிடம் (அப்பாவிடம்) சொன்னேன். சிரிக்கிறார்கள்.


கலுங்கு | ஞாயிறு இரவு

தம்பி, கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறார்கள். நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள்.

நான் முப்பத்தொரு வருஷம் கண்மாயும் ஊரணியும் அளந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பெர்மாகல்ச்சர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 'நிரந்தர விவசாயம்' என்ற பேச்சை 1911லேயே எஃப்.எச்.கிங் என்ற அமெரிக்க மண்ணியலாளர் புத்தகத் தலைப்பில் போட்டுவிட்டார். அவர் எதைப் பார்த்து எழுதினார்? சீனா, கொரியா, ஜப்பான் விவசாயிகள் நாற்பது நூற்றாண்டாக ஒரே மண்ணைக் கெடுக்காமல் உழுததைப் பார்த்து. 1978இல் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் அந்தச் சொல்லைச் சுருக்கி ஒரு புத்தகம் போட்டார்கள். ஆசியக்காரன் வயலில் எடுத்த விதை ஆஸ்திரேலியாவில் பொட்டலம் கட்டப்பட்டு, ஆசியாவுக்கே கட்டணத்தோடு திரும்பி வருகிறது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குள் மழையன்று நின்று பாருங்கள். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கி, அங்கிருந்து கால்வாய் வழியே வெளியே போகும். தெருச்சாய்வு ஊரணியைப் பார்த்து இருக்கும். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தபோது இந்த நீர் ஏற்பாட்டையும் சேர்த்தேதான் சொன்னார்கள். அதைக் கட்டிய கொத்தனாரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை.


மூடாக்கு | திங்கள் காலை

கலுங்கு ஐயா, கொத்தனாரிடம் சான்றிதழ் இல்லை, சரி. இன்று அந்தக் கொத்தனார் எங்கே? அவர் பேரன் திருப்பூரில் இருக்கிறார். முற்றத்துக் கால்வாயைப் பாதி வீடுகளில் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டு போர் போட்டிருக்கிறார்கள். பாட்டன் சொத்து என்று பெருமை பேசுவோம், பூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே கறையான்.

என்னைப் பற்றி: புதுவயல் பக்கம் ஆறு ஏக்கர். ஏழு வருஷம் முன்னால் தெலங்கானா போய் அந்த 72 மணி நேர வகுப்பை முடித்தேன். அதனால் அரைகுறையாகக் கேள்விப்பட்டதை வைத்து நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

இந்தியாவுக்கு மோலிசன் வந்தது 1987இல். அப்போது அதைப் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானது ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில் இருக்கும் தக்காண வளர்ச்சிச் சங்கம். அங்கே யார் உறுப்பினர்? கையளவு கல்லு நிலம் வைத்திருந்த, பெரும்பாலும் தலித் பெண்களின் சங்கங்கள். அந்த வட்டாரத்தில் வேலை செய்து வளர்ந்த நரசண்ணா கொப்புலாவும் பத்மா கொப்புலாவும் 1999இல் அரண்யா என்ற அமைப்பைத் தொடங்கி, தெலுங்கில், கிராமத்துக்காரர்களுக்கு முப்பது வருஷத்துக்குப் பக்கமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பேரன் தம்பி சொன்ன 2017 மாநாடு அந்த வேரில் வந்த கிளை. ஊசி விற்க வந்தவர்கள் என்றால் இவர்களையும் சேர்த்துத்தானா?


பெட்டியடி | திங்கள் மதியம்

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வரலாற்றுக் குறுக்கீடு, மன்னிக்கவும். கணக்குப்பிள்ளை வம்சம், வாய் சும்மா இருக்காது.

பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று நம் ஊர்க்காரர்கள் வட்டிக்கடை வைத்த காலத்தில் அதுவும் ஓர் ஆசிய வலைதான். அதில் தொழில் எப்படிப் படித்தார்கள்? பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசி எடுபிடியாக, கப்பல் ஏறியவன் முதலில் கிட்டங்கியை (கடைக் கட்டடத்தை) கூட்டினான், கடையை நடத்தும் மேலாளுக்குக் கால் அமுக்கினான், வட்டிச்சிட்டையை (வட்டிக் கணக்கை) நூறு தடவை கூட்டித் தப்பு வாங்கினான். அப்புறம் அடுத்தாள். அதற்கும் அப்புறம்தான் மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடித்தால்தான் ஊருக்கு வரலாம், மறுபடி போக வேண்டும்.

இந்த 72 மணி நேரத்தில் இரண்டே வாரத்தில் பெட்டியடிப் பையன் மேலாள் ஆகிவிடுகிறான். அதோடு விட்டாலும் பரவாயில்லை. அடுத்த வருஷம் அவனே வகுப்பு எடுக்கிறான். எனக்குத் தெரிந்து ஒரு பையன் மார்கழியில் சான்றிதழ் வாங்கினான், சித்திரையில் 'பயிற்றுநர்' என்று சுவரொட்டி. நடுவில் ஒரு மழைக்காலம்கூடப் பார்க்கவில்லை. பரவுகிற வேகத்துக்கு இதுதான் காரணம், பரவுகிறது பலவீனமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.


மூடாக்கு | திங்கள் மதியம்

பெட்டியடி அண்ணே, இதை மறுக்க மாட்டேன். மோலிசன் போட்ட ஏற்பாட்டில் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருஷம் வேலை செய்து காட்டினால்தான் டிப்ளமோ. அதைப் பலர் கண்டுகொள்வதில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். என்னுடையது அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது, எலி ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

ஆனால் அந்தச் சங்கிலி இல்லையென்றால் எனக்கு அது கிடைத்திருக்காது. எனக்கு வட்டிச்சிட்டை கற்றுக்கொடுக்க எந்தக் கிட்டங்கியும் இல்லை, பெண்பிள்ளை வேறு. உங்கள் கப்பலில் எத்தனை ஆச்சிமார் பெட்டியடியில் உட்கார்ந்தார்கள்?


பெட்டியடி | திங்கள் மதியம்

வாங்கிக்கொண்டேன். 🙏


கொல்லங்காட்டான் | திங்கள் இரவு

எல்லாரும் புத்தகம் பேசுகிறீர்கள். குழி வெட்டினவன் நான் பேசுகிறேன்.

நம்ம பக்கம் ஒரு பண்ணையில் (பெயர் வேண்டாம்) மூன்று வருஷம் முன்னால் வகுப்பு நடந்தது. நானும் ஜேசிபி டிரைவரும் வேலைக்குப் போனோம். சம உயர வாய்க்கால் என்றார்கள். அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடணும், ஓடுகிற மழைத்தண்ணி அதில் நின்று மண்ணுக்குள் இறங்கும். நல்ல யோசனைதான். படிக்க வந்த பிள்ளைகள் மண்வெட்டியைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். மதியம் ஜேசிபி வெட்டியது.

ஐப்பசி மழை ஒரே ராத்திரி ஊற்றியது. வாய்க்கால் நிறைந்தது. நிறைந்த தண்ணி போக வழி விடவில்லை. ஒரு இடத்தில் எலி வளை இருந்திருக்கும் போல, அங்கே பிய்த்துக்கொண்டு கீழே இருந்த கடலைக் கொல்லையில் இறங்கியது. பிடுங்க இருபது நாள் இருந்த கடலை. சரளை இரண்டு விரல் உயரத்துக்கு மேவி, செடி தலை மட்டும் தெரிந்தது. கொல்லைக்காரர் கையால் சரளையை அள்ளி அள்ளிப் போட்டார், பேசவே இல்லை. வகுப்பு எடுத்தவர் அப்போது வேறு ஊரில் வகுப்பு எடுத்துக்கொண்டு இருந்தார்.

அப்புறம் அந்த மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல் எல்லாம் மண் மேல் ஒரு சாண் உயரம் போடச் சொன்னார்கள். நம்ம செம்மண்ணில் காய்ந்தது கிடந்தால் ஒரு மாசத்தில் கறையான் ஏறும். வைக்கோலைத் தின்றுவிட்டு இளம் மாங்கன்றின் பட்டையையும் தின்றது. குளிர் நாட்டுப் பாடம் நம்ம ஊருக்கு அப்படியே பொருந்துமா?


மட்டுறுத்துனர் | திங்கள் இரவு

பெயர் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி. மற்றவர்களும் எந்தப் பண்ணையையும் பெயர் சொல்லித் தாக்க வேண்டாம். யூகித்தும் எழுத வேண்டாம், சற்று முன் ஒரு பதிவை நீக்க வேண்டி வந்தது.


கலுங்கு | செவ்வாய் காலை

கொல்லங்காட்டான் சொன்னதில்தான் என் பெயரே இருக்கிறது. கலுங்கு, அதாவது நிறைந்த நீர் வழிந்தோடும் வாய், இல்லாத கண்மாய் யாராவது கட்டுவார்களா? நிறைந்தால் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், யார் நிலத்தை நோக்கி வழியும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கரையே போடுவார்கள். கல் பாவி, நீர் விழுந்து அரிக்காமல் இருக்க அடியில் தளம் போட்டு, அது அடுத்த கண்மாய்க்குப் போகும்படி விட்டார்கள். இது எங்கள் தாத்தாக்களுக்கு அரிச்சுவடி. 72 மணி நேரத்தில் இதற்கு எத்தனை நிமிஷம்?


மூடாக்கு | செவ்வாய் காலை

ஐயா, வழிந்தோடி இல்லாமல் வாய்க்கால் வெட்டக்கூடாது என்பது அந்த வகுப்பிலேயே உண்டு. அந்தப் பண்ணைக்காரர் கவனிக்கவில்லை. ஓட்டத் தெரியாதவன் வண்டியைக் குடை சாய்த்தால் வண்டியைத் திட்டுவதா?

கறையான் விஷயம் உண்மை. நானும் முதல் வருஷம் பதினெட்டுக் கன்று இழந்தேன். இப்போது காய்ந்ததைப் போடுவதில்லை. கிளிரிசிடியாவும் கொழிஞ்சியும் பச்சையாக வெட்டிப் போடுகிறேன், கன்றின் தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்ணாக விடுகிறேன், புரட்டாசிக்கு முன் மூடாக்கே கிடையாது. ஈரம் இருந்தால் கறையானுக்கு வைக்கோல் போதும், ஈரம் இல்லையென்றால் பட்டைக்கு வரும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பக்கத்துக் கொல்லைப் பாட்டி சொன்னார்கள், வகுப்பில் கற்றது கேள்வி கேட்க மட்டும் உதவியது.

மட்டம் பார்ப்பதையும் சொல்கிறேன். மூன்று கம்பை ஏணிக்கால் மாதிரி கட்டி, உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் செங்கல் துண்டைத் தொங்கவிட்டால் அதுவே மட்டப்பலகை. இரண்டு காலும் ஒரே உயரத்தில் நின்றால் கயிறு நடுக்கோட்டைத் தொடும். காற்றடித்தால் கயிறு ஆடும், ஒரு ஆள் முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் ஊர் நூறு நாள் வேலைப் பெண்கள் நாலு பேருக்கு அதை அரை மணியில் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவர்கள் என்னைவிட வேகம். அதில் ஒருத்தி தன் வீட்டுக் கொல்லையில் குடத்து மூடி அளவுக்குச் சின்னச் சின்னக் குழியாக மட்டம் பார்த்து வெட்டி முருங்கை வைத்திருக்கிறாள். பரவுவது என்றால் இதுவும்தானே?


கலுங்கு | செவ்வாய் மாலை

இப்போது என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். இதுவரை சொன்னது சும்மா உரசல்.

அம்மா, நீங்கள் தண்ணீரை உங்கள் வேலிக்குள் நிறுத்துகிறீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போய்க்கொண்டு இருந்தது? செட்டிநாட்டில் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். பொட்டலில் விழுகிற மழை சரிந்து, வரத்துக்காலில் சேர்ந்து, ஊரணிக்கும் கண்மாய்க்கும் போவதுதான் ஏற்பாடு. மேட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் 'என் நிலத்து மழை என் நிலத்துக்கே' என்றால் பள்ளத்தில் ஊரணி காய்ந்து கிடக்கும். பெர்மாகல்ச்சர் வகுப்புகளின் பாடமே ஒரு நிலம், ஒரு வேலி, ஒரு உரிமையாளர். ஊர் என்ற அலகு அதில் எங்கே?

தைலமரத் தோட்டங்களில் வரப்பு எடுத்து மழைத்தண்ணீரை மறித்ததால் கண்மாய்க்கு வரத்து நின்றது என்று புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் எத்தனை வருஷமாகக் கத்துகிறார்கள். அவன் தைலமரத்துக்கு மறித்தான், நீங்கள் கொய்யாவுக்கு மறிக்கிறீர்கள். ஊரணிக்கு என்ன வித்தியாசம்?


மூடாக்கு | செவ்வாய் இரவு

கணக்குப் போட்டே பேசுவோம் ஐயா. ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் 4,047 லிட்டர். பேரன் தம்பியின் நாலு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் எட்டு லட்சம் லிட்டர். இறுகிய சரளையில் காற்பங்கு ஓடும் என்று வைத்தால் இரண்டு லட்சம் வெளியே போகும். 60 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் ஒரு வாய்க்கால், சாய்ந்த கரையைக் கழித்தால் 20,000 லிட்டர் பிடிக்கும். மூன்று வெட்டினால் 60,000. மீதி ஒன்றே முக்கால் பங்கு... இல்லை, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் உங்கள் வரத்துக்காலுக்கே வரும். (இரவு பதினொரு மணிக்குக் கணக்குப் போடக்கூடாது.) அதுவும் மண் அள்ளிக்கொண்டு வராமல் தெளிந்து வரும், ஊரணி தூர்வது குறையும்.

இன்னொன்று. வரத்துக்காலை மறித்தது நானா? போன வாரம் எங்கள் ஊர் வரத்துக்காலில் ஒருவர் மனைக்கல் நட்டிருக்கிறார். அதற்கு யார் கத்துகிறார்கள்?


கலுங்கு | புதன் காலை

கணக்கு சரி. ஆனால் 50 மில்லிமீட்டர் பெய்கிற நாளுக்குத்தான் சரி. பொய்த்த வருஷத்தில் 15, 20 என்று துண்டு துண்டாகப் பெய்யும். அந்த மழையில் ஓடுவதில் பெரும்பகுதி உங்கள் மூன்று வாய்க்காலிலேயே நின்றுவிடும். முதல் மழை வரத்துக்காலை நனைத்தால்தான் இரண்டாவது மழை ஊரணி வரை ஓடும். நாற்பது பேர் வாய்க்கால் வெட்டினால் அந்த முதல் நனைப்பே இல்லை. நல்ல வருஷத்தில் யார் நிறுத்தினாலும் ஊரணி நிறையும். கெட்ட வருஷத்துக்குத்தானே ஊரணி?

மனைக்கல் விஷயம், மனு கொடுத்துவிட்டேன். இரண்டாவது மனு.


கொல்லங்காட்டான் | புதன் மதியம்

கெட்ட வருஷத்தில் ஊரணியில் தண்ணி நின்றால் எல்லாருக்கும். கிணற்றில் ஊறினால் கிணற்றுக்காரருக்கு. எனக்குக் கிணறு இல்லை. இவ்வளவுதான் என் கட்சி.


பெட்டியடி | புதன் மதியம்

இந்த இழையிலேயே கனமான பதிவு இதுதான்.


மூடாக்கு | புதன் இரவு

கொல்லங்காட்டான் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நாலு மணி நேரம் பதில் எழுதவில்லை. சரிதான் சொல்கிறார். கெட்ட வருஷ வாதத்திலும் கலுங்கு ஐயாவுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆனால் 'ஊர் என்ற அலகு இல்லை' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் குறை வகுப்பை விற்பவர்களிடம் இருக்கிறது, இந்த ஆசிய-பசிபிக் வட்டாரம் முழுக்க இல்லை. கிழக்குத் திமோரைப் பாருங்கள். 2002இல்தான் விடுதலை, எரிந்து கிடந்த நாடு. அங்கே எகோ லெமோஸ் என்பவர் பெர்மாடில் என்ற அமைப்பை நடத்துகிறார். பாட்டும் பாடுவார். 2023இல் மகசேசே விருது பெற்றார். அதே வருஷம் அதே விருது வாங்கியவர்தான் சில்சாரில் புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் நம்ம ஊர் மருத்துவர் ரவி கண்ணன். அவரைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதின, லெமோஸைக் கண்டுகொள்ளவில்லை. லெமோஸ் செய்தது என்ன? ஒன்று, பள்ளிக்கூடத் தோட்டத்தைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுபோனார். ஆயிரம் வகுப்பு எடுப்பதும் ஒரு பள்ளிப் பாடமும் ஒன்றாகுமா? இரண்டு, மலைச் சரிவில் ஊர்க்காரர்களைக் கொண்டு குளங்கள் வெட்டி, கீழே வற்றிப்போன ஊற்றுகளை மறுபடி ஊற வைத்தார்கள். கவனியுங்கள் ஐயா: மேட்டில் நிறுத்தினார்கள், பள்ளத்தில் ஊற்று வந்தது. கையேட்டையும் தெத்தும் மொழியில் போட்டார்கள். அந்த நாட்டில் தாரா பண்டு என்று ஒரு பழைய ஊர்க்கட்டு உண்டு. இந்த மரத்தை வெட்டக்கூடாது, இந்த இடத்தில் மேய்க்கக்கூடாது என்று ஊர் கூடி விதிப்பது. நம் ஊர் அம்பலக்காரர்கள் கண்மாய் மீன்பிடிக்கு நாள் குறிப்பார்களே, அந்த வகை.

சாலமன் தீவுகளில் கஸ்டம் கார்டன் சங்கம் வேறு வழி. விதையும் கிழங்குக் கொடியும் தீவுக்குத் தீவு கைமாற்ற ஒரு வலை வைத்தார்கள். நட்டவர் திரும்பவும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

பாலியில் வெள்ளைக்காரர்கள் வந்து யோகாவோடு சேர்த்துப் படிக்கிற வகுப்பும் இதே பெயரில்தான் நடக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறேன்.


கலுங்கு | வியாழன் காலை

திமோர்ச் செய்தி எனக்குப் புதிது. மலைச் சரிவில் குளம், கீழே ஊற்று: மண்ணும் பாறையும் அப்படி இருந்தால் நடக்கும். நம் செம்பூராங்கல்லில் நீர் எவ்வளவு தூரம் பக்கவாட்டில் போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும், கிணறு கிணறாகப் பார்க்க வேண்டும். இருந்தாலும் ஊர் கூடிச் செய்தார்கள் என்ற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆனால் இதற்கு டாஸ்மேனியா வரை போக வேண்டுமா என்பது அப்படியே நிற்கிறது. கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் கொழிஞ்சிப் பண்ணை இருக்கிறது. நம்மாழ்வார் ஐயா வேலை செய்த இடம். இதே வறண்ட சரளை. 2013 டிசம்பர் 30இல் அவர் போய்ச் சேர்ந்தார், கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் வானகத்தில் இன்றும் தமிழில் பயிற்சி நடக்கிறது. இன்னும் கிட்டத்தில் சொல்லவா? குன்றக்குடி. அடிகளார் 1970களின் கடைசியில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்து, ஊர் முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டார். இன்று வேளாண் அறிவியல் நிலையமும் அங்கே இருக்கிறது. செட்டிநாட்டிலேயே வறட்சி நில வேளாண் ஆராய்ச்சி நிலையம் உண்டு. பேரன் தம்பி இதில் எதன் வாசலையாவது மிதித்திருக்கிறாரா?


பள்ளத்தூர்ப் பேரன் | வியாழன் இரவு

இல்லை ஐயா. செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்கி நேரே வீட்டுக்குப் போய், விசேஷத்தை முடித்து, திருச்சி வழியாக விமானம் ஏறுவதுதான் இதுவரை.

நாலு நாளாக வேலை நேரத்தில் இந்த இழையைப் படித்துக்கொண்டு இருக்கிறேன். வகுப்புக்கு முன்பணம் கட்ட இருந்தேன், நிறுத்தி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. மூடாக்கு அக்கா சொன்னதுபோல் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளவாவது போவேன் என்று நினைக்கிறேன். ஆனால் பயிற்சி இடம் ஆரம்பிப்பதை ஒத்திவைக்கிறேன். மழைக்காலமே பார்க்காத மேலாள் ஆக விருப்பமில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. என் நாலு ஏக்கர்த் தண்ணீர் எந்த ஊரணிக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. அப்பச்சியிடம் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு, ஐயா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள் என்றார்கள். கலுங்கு ஐயா, புரட்டாசியில் பத்து நாள் விடுமுறை எடுக்கிறேன். உங்களுக்கு முடிந்தால் அந்த வரத்துக்காலை எனக்குக் காட்ட முடியுமா?


மூடாக்கு | வியாழன் இரவு

தம்பி, நானும் வருகிறேன். மூன்று கம்பும் செங்கல் துண்டும் என் செலவு.


கொல்லங்காட்டான் | வியாழன் இரவு

கருவேலை வெட்டாமல் உள்ளே நடக்க முடியாது. ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். கூலி முதலிலேயே பேசிவிடுவோம்.


கலுங்கு | வெள்ளி காலை

புரட்டாசி வேண்டாம் தம்பி. காய்ந்த வரத்துக்கால் பார்ப்பதற்கு மாட்டுப்பாதை மாதிரி இருக்கும், நான் கையைக் காட்டுவேன், நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். ஐப்பசி கடைசியில் வாருங்கள். மழை பிடித்த அன்று உங்கள் நிலத்து மேட்டில் நின்று தண்ணீர் பின்னாலேயே நடப்போம். அது எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஊரணி. குடை கொண்டு வாருங்கள். செருப்பு வேண்டாம், சரளையில் ஈரச் செருப்பு வழுக்கும்.